பெயரோடு ஏலம் விடுங்கள்

மும்பை மாட்டுங்காவில் கல்வி உதவி நிதிக்காக ஏலம் நடத்தும் விழாக் குழுவினருக்கு,

வணக்கம். நான் தருவதாகச் சொன்ன படம் பிரேம் போட்டுத் தயாராகிவிட்டது. சனிக்கிழமை காலையில் கொண்டுவந்து கொடுத்துவிடுவேன், சொன்ன வார்த்தையில் மாற்றம் எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் அனுப்பிய ஏலப் பட்டியலின் மாதிரியைப் பார்த்தேன். அதில் என் படத்துக்கு எதிரே ‘தாராவிப் பெண், ஆரம்ப விலை ரூ.1,000’ என்று போட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல். செயலாளர் அண்ணாச்சியிடம் போனில் சொன்னபோது “எழுதிக் கொடுங்க தம்பி, கமிட்டியில வெச்சிடலாம்” என்றார். எழுதுவது என்று ஆன பிறகு எல்லாரும் படிக்கும்படியே எழுதலாம் என்று நினைத்தேன், ஏனென்றால் இது உங்கள் குழுவுக்கு மட்டும் உள்ள விஷயம் இல்லை, செம்பூரிலும் சயானிலும் முலுண்டிலும் நம் சங்கங்கள் எதற்காவது நிதி திரட்டும்போது என்னைப் போலப் படம் எடுக்கிறவர்களிடம் ஒரு படம் கேட்கிறார்கள், நாங்களும் கொடுக்கிறோம், கொடுத்த பிறகு அந்தப் படத்துக்கும் படத்தில் இருக்கிற மனிதருக்கும் என்ன ஆகிறது என்று இரண்டு பக்கமும் பேசிக்கொள்வதே இல்லை.

இந்த நிதி எதற்கு என்பதில் எனக்கு எந்தக் கேள்வியும் கிடையாது. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழும் அதில் ஒன்று. அங்கே தமிழில் படித்துவிட்டு மேல்வகுப்புக்கு ஆங்கிலத்துக்கோ மராத்திக்கோ மாறுகிற இடத்தில்தான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். டியூஷன் வைக்க முடியாமல், வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல், அந்த வருடத்தோடு புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போனவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். நீங்கள் சரியாக அந்த இடத்தில் கை கொடுக்கிறீர்கள். அதனால்தான் கேட்டவுடனே சரி என்றேன்.

இப்போது படத்துக்கு வருகிறேன். பட்டியல் தயாரித்தவர் படத்தைப் போனில்தான் பார்த்திருப்பார், சின்னதாகத் தெரிந்திருக்கும். 16க்கு 24 அங்குலத்தில் பார்த்தால் வேறு கதை. தாராவி கிராஸ் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சந்து, விடிவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது, ஒரு டியூப்லைட் மட்டும் எரிகிறது. ஒரு அம்மா இட்லிக் கொப்பரையின் மூடியை ஈரத்துணி சுற்றிய கையால் தூக்கிப் பிடித்திருக்கிறார். ஆவி இடது பக்கமாகச் சாய்ந்து அவருடைய பாதி முகத்தை மறைக்கிறது. மறு கையின் இரண்டு விரல்களைத் தண்ணீரில் நனைத்து, துணி விரித்த தட்டில் நடு இட்லியைத் தொட்டுப் பார்க்கப் போகிறார். அந்தப் பார்வையைப் பாருங்கள். வெந்துவிட்டதா, இன்னும் ஒரு நிமிஷம் வேண்டுமா என்று அவருக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது, பக்கத்தில் நான் கேமராவோடு நிற்பதுகூட அந்த நேரத்தில் அவருக்கு நினைவில்லை. பின்னால் அலுமினிய டப்பாக்கள் வரிசையாகக் காத்திருக்கின்றன, ஒரு சைக்கிளின் ஹேண்டில்பாரில் ரப்பர் ஹாரன் தொங்குகிறது. காலையில் பாம் பாம் என்று சத்தம் கேட்டால் மும்பைக்காரர்கள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்குகிறார்களே, அதே இட்லிக்காரர் ஹாரன்தான்.

இவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். அவர் அவிக்கிற இட்லியை எடுத்துக்கொண்டு ஆறு பேர் கிளம்புகிறார்கள், குர்லா வரைக்கும் போகிறவர்களும் உண்டு. மாவு புளிக்கிற நேரம் மழைக்காலத்தில் எப்படி மாறும், டிசம்பரில் எப்படி மாறும் என்று அவர் சொல்ல ஆரம்பித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஆறு குடும்பங்களின் காலை வியாபாரம் அவருடைய அந்த இரண்டு விரல்களில் இருக்கிறது. இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு ‘தாராவிப் பெண்’ என்று இரண்டு சொல்லில் முடித்தால், மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர் எதைப் பார்ப்பார்? ஆவியைப் பார்த்தால் அடுப்புப் புகை மாதிரி தெரியும். கவனத்தைப் பார்த்தால் கவலை மாதிரி தெரியும். பாவம், என்ன கஷ்டமோ என்று நினைத்துக்கொண்டு கையைத் தூக்குவார். அந்த அம்மாவுக்கு அந்தப் பாவம் தேவையில்லை. உங்கள் நிதிக்கும் தேவையில்லை என்றுதான் சொல்கிறேன்.

எனக்கு இது புதிதாக வந்த கோபம் இல்லை. சில வருடங்களுக்கு முன்னால் இதே ஊரில் வேறொரு அமைப்பின் ஏலத்துக்கு ஒரு படம் கொடுத்திருந்தேன். தோல் பை தைக்கிற ஒரு பெரியவர், தன் பட்டறையில் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தைத்து முடித்த பையின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற படம். அவர் பெயரையும் தொழிலையும் தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன். அங்கே போய்ப் பார்த்தால் படத்துக்குக் கீழே ‘வறுமையின் முகம்’ என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிற மனிதர் அவர். யாரோ அதைப் போனில் படம் பிடித்துப் போட, அது சுற்றிச் சுற்றி அவருடைய மகனுக்கே வந்து சேர்ந்துவிட்டது. பெரியவர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “நான் ஆருகிட்டய்யா கை நீட்டுனேன்?” அந்த அமைப்பிடம் கேட்டபோது, அப்படிப் போட்டால்தான் தாராளமாகக் கேட்பார்கள் என்று நல்ல எண்ணத்தோடுதான் பதில் சொன்னார்கள். நல்ல எண்ணம் என்பதை நான் நம்புகிறேன். ஆனால் அந்தப் பெரியவருக்கு அந்தப் பதிலை எப்படிக் கொண்டுபோய்ச் சொல்வது?

உலகத்திலேயே அதிகமாக அச்சிடப்பட்ட படங்களில் ஒன்றின் கதையும் இதுதான். 1936இல் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் நிபோமோ என்ற ஊரில், பட்டாணி பறிக்க வந்த கூலிகளின் முகாமில் டோரதியா லேங் என்ற புகைப்படக்காரர் ஒரு தாயைப் படம் எடுத்தார். இரண்டு குழந்தைகள் தோளில் முகம் புதைத்திருக்க, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு தாய் தூரத்தைப் பார்க்கிற அந்தப் படத்தை நீங்களும் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். லேங் அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவே இல்லை. நாற்பது வருடங்களுக்கும் மேலாக அவர் ‘இடம்பெயர்ந்த தாய்’, அவ்வளவுதான். 1978இல் ஒரு பத்திரிகையாளர் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் அவர் பிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று ஊருக்குத் தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசு வந்ததில்லை, எடுக்காமலே இருந்திருக்கலாம் என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. 1983இல் நோயில் படுத்தபோது மருத்துவச் செலவுக்குப் பிள்ளைகள் பொதுமக்களிடம் உதவி கேட்க வேண்டி வந்தது, நாடு முழுவதிலிருந்தும் ஜனங்கள் பணம் அனுப்பினார்கள், அந்த வருடமே அவர் இறந்துபோனார். 1998இல் லேங் கைப்பட எழுதிய குறிப்புகளோடு அந்தப் படத்தின் ஒரு பிரதி நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்து 2,44,500 டாலருக்குப் போனது. படத்தால் நன்மை நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, அது பத்திரிகையில் வந்ததும் அந்த முகாமுக்கு உணவு போய்ச் சேர்ந்தது. ஆனால் அதற்குள் தாம்சன் குடும்பம் அங்கிருந்து கிளம்பிப் போயிருந்தது.

அதனால் என் படத்துக்குக் கீழே ஒட்டுகிற சீட்டில் அந்த இட்லி அம்மாவின் பெயர் இருக்க வேண்டும், இதுதான் நான் கேட்பது. மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான். அவரிடம் பேசிவிட்டேன், மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. படம் எங்கே மாட்டப்படும், யார் யார் பார்ப்பார்கள், பணம் யாருக்குப் போகும், வாங்கியவர் எதைச் செய்யலாம் எதைச் செய்யக்கூடாது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி வாசித்துக் காட்டினேன். “என் மொகத்த காசு குடுத்து ஆரு வாங்குவா எய்யா?” என்று முதலில் சிரித்தார். அப்புறம் யோசித்துவிட்டு, பெயரோடு ஊர்ப் பெயரையும் போட வேண்டும், தாராவி என்று மட்டும் போடக்கூடாது என்றார். வாங்குகிறவர்கள் படத்தைச் செருப்பு விடுகிற இடத்தில் மாட்டிவிடக் கூடாது என்றும் சொல்லச் சொன்னார், அதையும் சொல்லிவிட்டேன். நான் இங்கே அவர் பெயரை எழுதாமல் இருப்பதற்கும் அதே தாள்தான் காரணம். சீட்டில் போடவும் மேடையில் சொல்லவும்தான் ஒப்புக்கொண்டிருக்கிறார், இணையத்தில் போட இல்லை. நீங்களும் விழாப் படங்களைப் போடும்போது அந்தச் சீட்டு தெரியாத மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.

சீட்டில் என்ன எழுத வேண்டும் என்று நானே தட்டச்சு செய்து தருகிறேன். அவர் பெயர், ஊர், ‘இட்லி வியாபாரம்’ என்று தொழில், படம் எடுத்த வருடம். கடைசியில் என் பெயர். இதற்கு மேல் ஒரு உருக்கமான வரியும் வேண்டாம்.

அப்புறம் மேடை அலங்காரம். இது சின்ன விஷயம் மாதிரி தோன்றும், ஆனால் அவருடைய மகள் முதலில் கேட்டதே இதைத்தான். நம் வீடுகளில் ஒருவரைத் தனியாகப் பெரிய படமாகப் பிரேம் போட்டு, மாலை சுற்றி, பொட்டு வைத்து, சின்னதாக ஒரு விளக்கும் வைத்தால் அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாட்டுங்கா பூ மார்க்கெட் பக்கத்திலேயே இருக்கிறது, அலங்காரம் செய்கிறவர்கள் கூடை கூடையாகச் செவ்வந்தியைக் கொண்டுவந்து கண்ணில் பட்ட பிரேமுக்கெல்லாம் சுற்றிவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது, அது அவர்கள் வேலை. தயவுசெய்து முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இந்தப் படத்துக்குப் பூ வேண்டாம், பொட்டு வேண்டாம், சுற்றி மினுக்குகிற சீரியல் லைட்டும் வேண்டாம். அந்த அம்மா நன்றாக இருக்கிறார், அன்றைக்கு மண்டபத்துக்கும் வருவார்.

விலைக்கு வருவோம். 1,000 ரூபாயில் ஆரம்பித்தால் எல்லாரும் கேட்பார்கள், சபை களைகட்டும் என்று அண்ணாச்சி சொன்னார். களைகட்டும்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். பருத்தித் தாள், நிறமி மை, அமிலம் இல்லாத மவுண்ட் போர்டு, தேக்குச் சட்டம் எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு 9,000 ரூபாய்க்குப் பக்கத்தில். 1,000இல் ஆரம்பித்த கேள்வி 4,000இல் வந்து நின்று, ஒரு தரம், இரண்டு தரம், மூணு தரம் என்று முடிந்துவிட்டால், அந்த 9,000ஐ நான் பேசாமல் உங்கள் நிதிக்கே கொடுத்திருக்கலாம், பிள்ளைகளுக்கு இன்னும் 5,000 கூடவே கிடைத்திருக்கும். நான் கொடுத்ததும் வீண், நீங்கள் மண்டபம் பிடித்து ஆள் கூட்டியதும் வீண். ஆரம்பத்தில் சொல்கிற விலைதான் கேட்கிறவர் மனதில் உட்காரும், அதிலிருந்து ஐந்நூறு ஐந்நூறாகத்தான் ஏறுவார்கள். ஆகவே 12,000இல் ஆரம்பியுங்கள். அந்த விலைக்கு யாரும் கேட்கவில்லையா, பரவாயில்லை, படத்தை என்னிடம் திருப்பிக் கொடுங்கள், நான் வருத்தப்பட மாட்டேன், ஆளைப் பிடித்துக் கட்டாயப்படுத்திக் கேட்க வைக்கவும் வேண்டாம்.

நம் ஆட்கள் நல்ல விலை கொடுக்க மாட்டார்கள் என்று கமிட்டியில் யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏலம் என்றால் என்னவென்று நமக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் கோயில் கொடையில் கோழியும் தேங்காயும் அம்மனுக்குச் சாத்திய சேலையும் ஏலத்துக்கு வரும்போது கடை விலையை யாரும் நினைப்பதில்லை. விழுப்புரம் மாவட்டத்தில் திருவெண்ணெய்நல்லூர் பக்கத்து முருகன் கோயிலில் 2024 பங்குனி உத்திரத்தின்போது நாளுக்கு ஒன்றாக வேலில் குத்தியிருந்த ஒன்பது எலுமிச்சம்பழங்கள் 2 லட்சத்து 36 ஆயிரம் ரூபாய்க்கு ஏலம் போயின. அது நம்பிக்கையின் விலை, படத்துக்கும் அதுவும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. அங்கே ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். எந்தக் கோயில், எந்த வேல், எத்தனையாம் நாள் பழம் என்பது கேட்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறார்கள். நம் மண்டபத்தில் மாட்டியிருக்கிற படம் யாருடையது, அவர் செய்கிற வேலை என்ன, அதன் நுணுக்கம் என்ன என்று ஏலம் விடுகிறவர் இரண்டு நிமிஷம் நிதானமாகச் சொல்லட்டும். மும்பையில் இட்லி சாப்பிடாத தமிழர் யார்? விலை தானாக வரும்.

மறுசீரமைப்புத் திட்டத்தில் தாராவி எப்படியும் இடிபடப் போகிறது, வீடு வீடாகக் கணக்கெடுத்து எண் போட்டுவிட்டார்கள், அதைச் சொல்லி விற்றால் இன்னும் நல்ல விலை வரும் என்று ஒரு நண்பர் அக்கறையோடு யோசனை சொன்னார். படத்தின் ஓரத்தில் ஒரு கதவு இருக்கிறது, அதில் அந்த எண்ணும் தெரிகிறது, மறைக்கவில்லை, வெட்டவும் இல்லை. ஆனால் அதை ஏலத்தில் சொல்லிக் காட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. கொப்பரை எங்கே போகும், புது இடத்தில் இத்தனை அடுப்பு மூட்ட விடுவார்களா, ஆறு சைக்கிளை எங்கே நிறுத்துவது என்று தூங்காமல் கிடக்கிறவர்கள் அவர்கள். அவர்கள் பயத்தை வைத்து நாம் விலை ஏற்றக் கூடாது, நல்ல காரியத்துக்காக என்றாலும் கூடாது.

படத்தை வாங்குகிறவர்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், அதையும் சீட்டிலேயே ஒரு வரியில் போட்டுவிடலாம். அவர்கள் வாங்குவது இந்தப் பிரதியையும் இந்தப் பிரேமையும்தான். வீட்டில் மாட்டலாம், கடையில் மாட்டலாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், பிடிக்காவிட்டால் விற்றும்விடலாம். ஆனால் மறுபடி அச்சடிக்கும் உரிமை அதோடு போகாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி படத்தின் உரிமை எடுத்தவரிடம்தான் இருக்கிறது, எழுத்தில் மாற்றிக் கொடுத்தாலொழிய அடுத்தவருக்குப் போகாது, 2012 திருத்தத்துக்குப் பிறகு அந்த உரிமை எடுத்தவர் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. இதை நான் எனக்காகச் சொல்லவில்லை. ஏலத்துக்கு வருகிறவர்களில் ஓட்டல் நடத்துகிறவர்கள் நிறையப் பேர், இட்லிப் படம் என்றால் அவர்களுக்குத்தான் முதலில் ஆசை வரும். நாளைக்கு மெனு அட்டையிலும் மாவுப் பாக்கெட்டிலும் இந்த அம்மாவின் முகம் வந்துவிட்டால் யார் போய்க் கேட்பது? கல்யாணப் படம் மாதிரி காசு கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை எடுக்கச் சொன்னவருக்குப் போகும் என்று சட்டம் சொல்கிறது. காசு கொடுக்காமல் படத்தில் நிற்கிறவருக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. அதனால்தான் நானும் அவரும் ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். மொத்தம் ஐந்து பிரதிதான் எடுப்பேன், முதல் பிரதி அவர் வீட்டில் இருக்கிறது, உங்களுக்கு வருவது இரண்டாவது. உங்கள் விழா மலரிலும் வாசல் பேனரிலும் இந்த ஒரு முறை போட்டுக்கொள்ளலாம், அதற்கு அவருக்கும் சம்மதம்.

வரிவிலக்குச் சான்றிதழ் தருவதாக அண்ணாச்சி அன்போடு சொன்னார். வேண்டாம். 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய அந்த விலக்கு பணமாகக் கொடுக்கிற நன்கொடைக்குத்தான், பொருளாகக் கொடுத்ததற்குக் கிடையாது, ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் கிடையாது. எனக்கு வேண்டியது ஒரு சாதாரண ரசீது: இன்ன படம், இன்ன அளவு, இன்ன தேதியில் பெற்றுக்கொண்டோம் என்று. ஏலம் முடிந்த பிறகு எவ்வளவுக்குப் போனது என்று ஒரு வரி. அந்த வரியில் இரண்டு பிரதி வேண்டும், ஒன்று அவருக்கு. தன் முகம் எத்தனை பிள்ளைகளுக்குப் பீஸ் கட்டியது என்று தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை இருக்கிறது.

உதவி பெறும் பிள்ளைகளை மேடைக்கு வரிசையாக வரவழைத்துக் கவரை நீட்டிப் படம் எடுக்கிற வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. அந்தப் படங்களை எடுக்கச் சொல்லி என்னையே கூப்பிட்டிருக்கிறீர்கள். பணத்தைப் பெற்றோர் கணக்கில் போட்டுவிடுங்கள், அன்றைக்குப் பிள்ளைகள் வந்து பாட்டுப் பாடட்டும், ஆடட்டும், அதை எத்தனை படம் வேண்டுமானாலும் எடுத்துத் தருகிறேன்.

படத்தைக் கையாளுவது பற்றி இரண்டு வார்த்தை. சனிக்கிழமை முதல் ஏலம் வரை அது உங்கள் ஸ்டோர் ரூமில்தான் இருக்கப் போகிறது. மும்பை மழையில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டிவிடும். தாள் கண்ணாடியில் படாமல் இருக்கத்தான் நடுவே மவுண்ட் போர்டு இடைவெளி விட்டிருக்கிறது, ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது மை பெயர்ந்து வந்துவிடும். ஆகவே பாத்ரூமை ஒட்டிய சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், தரையில் நேராக வைக்காமல் ஒரு பலகை மேல் வையுங்கள். ஏல எண்ணைக் கண்ணாடியில் செலோடேப்பால் ஒட்டினால் பசை போகவே போகாது, பின்பக்கம் ஒட்டுங்கள். தூக்கும்போது மேல் சட்டத்தை மட்டும் பிடித்துத் தூக்கக் கூடாது, இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டும். பின்னால் ஒரு உறை இருக்கும், அதில் தாள், மை, பிரதி எண் விவரங்களும் என் கையெழுத்தும் அவர் கையெழுத்தும் உள்ள காகிதம் இருக்கிறது. அதை வாங்குகிறவர்தான் பிரிக்க வேண்டும்.

கடைசியாக, அவர் உட்காரும் இடம். முன் வரிசையில், நன்கொடையாளர்களோடு, அவருக்கும் மகளுக்கும் இரண்டு நாற்காலி. மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்த வேண்டாம், அவருக்கு அது கூச்சம், கேட்டுவிட்டேன். பெயர் சொல்லும்போது எழுந்து ஒரு கும்பிடு போடுவார். இதில் ஒரு சிக்கல் நேரம்தான். ஏலம் ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு என்று போட்டிருக்கிறீர்கள், அது அவர் மாவு அரைக்கிற நேரம். நிகழ்ச்சி முழுவதும் இருந்தால் திங்கள்கிழமை ஆறு சைக்கிளும் சும்மா நிற்கும். வரவேற்புரை முடிந்ததும் முதல் படமாக இதை எடுத்துவிட்டால் ஏழு மணிக்குள் அவர் டாக்ஸி பிடித்துத் தாராவி போய்ச் சேர்ந்துவிடலாம். பட்டியலில் பதினொன்றாவதாக இருப்பதை முதலாவதாக மாற்ற முடியுமா என்று வியாழக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். ஞாயிறு காலையில் எத்தனை படி அரிசி ஊறப் போடுவது என்று அவர் முடிவு செய்ய வேண்டும், அந்த ஆறு பேருக்கும் முன்னாடியே சொல்லி வைக்க வேண்டும்.

அன்புடன்,
செம்பூரிலிருந்து, உங்கள் விழாக்களில் படம் எடுக்கிறவன்